நகர்ந்த எல்லைக்கோடு

ஏழு மலைக்கு அப்பால், எட்டாவது மலை ஏற அனுமதி கிடைக்காத இடத்தில், நடையூர் என்றொரு நாடு இருந்தது. ஆண்டுக்கொரு முறை அங்கே குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். ஜெயித்தவர் ஊருக்குத்தான் ஏரி மதகு முதலில் திறக்கும். விதி ஒன்றே ஒன்று: குதிரை தாவாமல் பெருநடையில் ஓட வேண்டும். பாய்ச்சல் எடுத்தால் வண்டி விலக்கப்படும். அதைக் கவனிக்கவே கொடியும் குடையுமாக ஒரு நடை ஆணையர் இருந்தார்.

மேலப்பற்று ஊர்க்காரன் சடையப்பனின் குதிரை முதல் ஆண்டு ஒரு பள்ளத்தைத் தாண்டக் கால் தூக்கியது. உடனே கொடி இறங்கியது. அதே பந்தயத்தில் மன்னரின் மைத்துனர் வண்டி தொடக்கத்திலிருந்து முடிவுவரை நாலுகால் பாய்ச்சலில் போனது. ஆணையர் அப்போது குடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மைத்துனரின் தாமரைக் குளத்துக்குத் தண்ணீர் போனது. மாமியார் உடைத்தால் மண்குடம்தானே!

சடையப்பன் முறையிட்டான். நன்கு விசாரித்த ஆணையர், அடுத்தவர் குதிரையின் காலை உற்றுப் பார்ப்பது இனிக் குற்றம் என்று முரசறைவித்தார். மறு ஆண்டு அவன் பயந்து மெல்ல ஓட்டினான். பந்தயத்தை அவமதித்தான் என்று விலக்கினார்கள். மனுஷன் என்னதான் செய்வான்?

மூன்றாம் ஆண்டு அவன் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. ஒரு தண்ணீர் பாய்ந்தால் பிழைத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பெருநடையிலேயே ஓட்டினான். முன்னால் பாய்ந்துபோன மைத்துனர் குதிரை பாதி வழியில் இடறி விழுந்தது. இவன் அதைக் கடந்துபோய் எல்லைக்கோட்டைத் தொட்டான். மேலப்பற்றே துண்டைச் சுழற்றியது.

ஆணையர் நிதானமாக வந்து, குதிரை விழுந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார்.

"எல்லைக்கோடு இதுவே. மைத்துனர் அவர்கள் முதலில் வந்து சேர்ந்தார்கள். நீயோ கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடியிருக்கிறாய். எல்லை மீறல் கடுங்குற்றம்."

"நான் தாண்டுறப்ப இங்க கோடே இல்லீங்களே, சாமி."

"விதி எல்லாருக்கும் ஒன்றுதானப்பா."

மாலையில் முரசு அறைந்தார்கள்: நடை விதிகள் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டன, பந்தயம் அமைதியாக நடந்து முடிந்தது.

அவன் மனைவி பூங்காவனம் மடை திருப்ப மண்வெட்டியோடு வாசலில் நின்றிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"ஜெயிச்சுட்டேன். அதான் குத்தமாம்."

அவள் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, மாட்டை அவிழ்த்து நாற்றங்காலில் மேய விட்டாள்.