மொட்டைமாடி முராலிஸ்

லத்தீன்காரர் என்றோர் இனம் உண்டு. செடியின் லத்தீன் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவர் அல்ல. அது முளைத்த இடத்துக்கும் சேர்த்துப் பெயர் சொல்பவர். காலை நடையில் இவரிடம் மாட்டினீர்களோ, தொலைந்தீர்கள்.

அடையாற்றில் மேல்தள வீட்டு ஸ்ரீரங்கன் இந்த இனத்தில் நன்கு விளைந்தவர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஒரு ஞாயிறு செடி பார்க்கும் கூட்டத்தோடு நடக்கப் போனார். வேறு ஆளாகத் திரும்பினார். சதுப்பில் முளைத்தால் பாலுஸ்ட்ரிஸ், கடலோரமென்றால் மாரிட்டிமா, ஆற்றங்கரை ரிபாரியா, இடிபாட்டுக் குவியல் ருடெராலிஸ், சுவர் முராலிஸ். மழை விட்ட மாலையில் தி. நகரில் முழங்காலளவு நீரில் நின்றுகொண்டு ஆட்டோக்காரரிடம், "இந்த இடம் இப்போ பாலுஸ்ட்ரிஸ், தெரியுமோ?" என்றார்.

"இன்னாவா வேணா இருந்துட்டுப் போட்டும் சார், வண்டில தண்ணி பூர்றதுக்குள்ள ஏறு!"

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? அவர் மனைவி ஜலஜாவைக் கேளுங்கள். முழங்கால் மாற்று அறுவை முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கிறவள். மாடிப்படி ஏறக்கூடாது; முக்கியமாக, வழுக்கி விழக்கூடாது. அவள் அறைக்கு நேர் மேலே, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் விரிசலில், ஓர் அரசங்கன்று முளைத்தது.

"பிடுங்கிப் போடுங்கோன்னா, வேர் உள்ள எறங்கிடும்."

"சுவர் அதோட சொந்த இடம் ஜலஜா. முராலிஸ்! அதைப் போய்ப் பிடுங்கச் சொல்றியே!"

வீட்டு வேலைக்கு வரும் முத்தம்மாவிடம் கேட்டாள். "அரசும்மா அது! நான் கை வெக்க மாட்டேன், குடும்பத்துக்கு ஆவாது" என்றவள், போகிற போக்கில் அதற்கு மஞ்சள் குங்குமம் வேறு வைத்துவிட்டு வந்தாள். ஆக, கன்றுக்கு இரண்டு காவல்: ஒன்று சாமி, ஒன்று லத்தீன். விட்டால் வளராமல் என்ன செய்யும்?

மழைக்காலம் வந்தது. கூரையில் முதலில் ஓர் ஈரத் திட்டு, பிறகு சொட்டு, பிறகு குளியலறைக்குப் போகும் வழியெல்லாம் வழவழவென்று நீர். படுக்கை விளிம்பில் உட்கார்ந்து, காலைக் கீழே வைக்க முடியாமல் ஜலஜா கூப்பிட்டாள். ஓடி வந்த ஸ்ரீரங்கன் அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வேர் எட்டிப் பாக்கறது பாரு! இரு, குரூப்ல ஒரு போட்டோ போட்டுட்டு வந்துடறேன்."

மேலே பார்க்கத் தெரிந்தவருக்குக் கீழே பார்க்கத் தெரியவில்லை. படுக்கையில் கிடந்த துண்டை ஜலஜா தரையில் போட்டாள். அதன்மேல் வாக்கரை ஊன்றி எழுந்தாள். குளியலறைக்குப் போகாமல் நேரே வாசலுக்குப் போனாள். மாடிப்படியின் முதல் படியில் நல்ல காலை வைத்தாள்.

"ஐயோ, என்ன பண்றே? டாக்டர் படியேறக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே!"

"ஓ, அது ஞாபகம் இருக்கா? அப்போ நீங்க ஏறுங்கோ. மூணு எண்றதுக்குள்ள. இல்லேன்னா நான் ஏறறேன்."

ஸ்ரீரங்கன் ஏறினார். திரும்பி வரும்போது கையில் கன்று. வேரில் பாதி சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. சட்டையெல்லாம் காரைத்தூள்.

"ஜலஜா, இதைத் தொட்டியில வெச்சா என்ன? ஆனா தொட்டியில வளர்றதுக்கு லத்தீன்ல என்ன..."

"தொடப்பத்துக்குப் பக்கத்துல மாப் இருக்கு. தரையைத் தொடைச்சுட்டு, கொத்தனாருக்குப் போன் பண்ணுங்கோ. அப்புறம் யோசிக்கலாம்."

துடைத்தார். ஓரம் விட்டுத்தான் துடைத்தார்; அவள் மறுபடி துடைக்கச் சொன்னாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மேலே சொன்ன பெயர்களில் ஒன்றை, நாளைக்கு நாலு பேர் நடுவில் எடுத்துவிடலாமென்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தீர்களல்லவா? நல்லது. வெளியே கிளம்புமுன் உங்கள் மொட்டைமாடிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.