பன்னிரண்டடிச் சமத்துவம்

மனிதராகப் பிறந்த எவருக்கும் ஒரு நாளில் நாலைந்து தடவையாவது ஒதுங்கப் போகவேண்டி வரும். ஊவா மாகாணத்தில் இதுவரை எந்தச் சுற்றறிக்கையும் இந்த உண்மையை மறுத்ததில்லை. மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

மடுல்சீமைக்கு மேலே ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் இடங்களுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்பதாம் நம்பர் மலைதான் ஆக உயரம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு நாற்பத்திரண்டு பெண்கள் அங்கே ஏறுகிறார்கள். கக்கூஸ் கீழே அவர்கள் குடியிருக்கும் லயத்தில் இருக்கிறது. இறங்கி ஏற ஒரு மணித்தியாலம். "அந்த ஒரு மணித்தியாலக் கொழுந்தை யார் எடுக்கிறது?" என்று கங்காணி ரெங்கசாமி கேட்பார். நியாயமான கேள்விதான். என்ன, அதைக் கேட்கும்போது அவர் ஏதாவது ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து சாவகாசமாக வந்துகொண்டிருப்பார்.

ஆகவே பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதற்கும் முடியாதவர்கள் மறைவு தேடினார்கள். ஒருமுறை பெரியாயி என்ற அக்கா அப்படி மறைவு தேடி மானாப்புல்லுக்குள் இறங்கி, நேரே குளவிக் கூட்டில் கால் வைத்துவிட்டார். பதினொரு கொட்டு. பதுளை ஆஸ்பத்திரியில் நாலு நாள்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஜெயலெட்சுமி அக்கா. ஒன்பதாம் மலைப் பெண்களின் சார்பில் வாயைத் திறக்கிறவர் அவர்தான். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் பெண்ணியமும் வர்க்கமும் பற்றி ஆய்வு எழுதிக்கொண்டு, வர்க்கத்தைப் பார்ப்பதற்காக பஸ் ஏறிப் போயிருந்தேன்.

"நீங்க எந்தத் தோட்டம் மிஸ்?" என்று கேட்டார்.

"ஹாலிஎல டவுன்."

"அது சரி. டவுனுக்கு முந்தி எந்தத் தோட்டம்?"

அந்தக் கேள்வி ஆய்வின் எல்லைக்குள் வராது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "எங்களுக்கு மலையில ஒரே ஒரு கக்கூஸ் வேணும். நாலு தகரமும் ஒரு குழியும் போதும். எழுதித் தாங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஆறு பக்கம் வந்தது. கக்கூஸ் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது.

கடிதம் போய்ச் சேர்ந்த இடம், பதுளையில் இயங்கும் ஊவா அனைத்துப் பெண்கள் உள்வாங்கல் மன்றம். மன்றத்தில் ஏற்கனவே எல்லாப் பெண்களும் இருந்தார்கள், தோட்டத்துப் பெண்களைத் தவிர. எங்கள் கடிதம் கிடைத்ததும் அவர்களுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. உடனே ஒரு ஹோட்டலில் ஒருநாள் மாநாடு வைத்து ஜெயலெட்சுமி அக்காவை அழைத்தார்கள். மொழிபெயர்க்க என்னையும்.

வாசலில் அக்காவின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அவர் அதைத் திருப்பி வாசித்தார்.

"குரலற்ற பெண், ஒன்றுன்னு போட்டிருக்கு. எனக்குத் தொண்டை நல்லாத்தானே இருக்கு மிஸ்? நான் ஒன்பதாம் மலையில கூப்பிட்டா ஏழாம் மலைக்குக் கேக்கும்."

"அது ஒரு கௌரவம் அக்கா. இன்றைக்கு உங்களுக்காகத்தான் எல்லோரும் பேசப் போகிறார்கள்."

"அப்ப நான் எப்பப் பேசுறது?"

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். குரலற்றவர்களின் குரல் நான்காவது அமர்வில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழு நிமிடம்.

தலைவி சந்தமாலி மேடம் சிங்களத்தில் வரவேற்றார். மிகவும் நல்லவர், தோட்டப் பெண்கள் என்று சொல்லும்போதெல்லாம் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். அடுத்து கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் யசோதினி. தமிழ்ப் பெண், தமிழ்தான் பேசினார். ஆனாலும் அவர் பேசியதை ஜெயலெட்சுமி அக்காவுக்கு நான் தமிழில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"விளிம்புநிலை உடல்களின்ட வாழ்ந்த அனுபவத்தை நாங்கள் மையப்படுத்த வேணும்" என்றார் யசோதினி.

"என்னா சொல்றாங்க?"

"உங்களைப் பற்றித்தான்."

"நல்லதாவா?"

இரண்டாம் அமர்வின் நடுவில் அக்கா எழுந்து வெளியே போனார். போன வேகத்தில் திரும்பி வந்து என் காதில், "மிஸ், கக்கூஸ் கதவுல கவுன் போட்ட பொம்பள படம் இருக்கு. அது ஹோட்டல்ல தங்க வந்தவங்களுக்கா? நம்ம போகலாமா?" என்று கேட்டார்.

அவர் ரகசியமாகத்தான் கேட்டார். சொன்னேனே, ஏழாம் மலைக்குக் கேட்கும் குரல். மண்டபம் முழுக்கக் கேட்டது.

யசோதினி விறைத்து எழுந்தார். "கேட்டனீங்களா? ஒரு படம் ஒரு பெண்ணைத் தடுத்து நிறுத்தியிருக்கு! அந்தக் கவுன் ஆரின்ட கவுன்? இதைவிட ஒரு விலக்கல் இருக்கேலுமா?"

சந்தமாலி மேடத்தின் கை நெஞ்சுக்குப் போனது. அந்தக் கணத்திலிருந்து மாநாட்டின் பொருள் மாறிற்று. ஒதுங்க இடமில்லாத பிரச்சினை, ஒதுங்குமிடத்தின் படத்தில் இடமில்லாத பிரச்சினையாக உயர்வு பெற்றது. ஜெயலெட்சுமி அக்கா இன்னும் நின்றுகொண்டே இருந்தார். அவருடைய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான்தான் கடைசியில் "போங்க அக்கா" என்றேன்.

அவர் திரும்பி வந்தபோது படத்துக்கென ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. கவுன் நீக்கப்பட்டது. சேலை என்றார்கள். கண்டியன் சேலையா, எங்கள் சேலைக்கட்டா என்று ஒரு மணித்தியாலம் போனது. அபாயா எங்கே என்று ஒரு சகோதரி கேட்டார், நியாயம். ஜீன்ஸ் போடுகிறவர்கள் பெண்கள் இல்லையா என்று இன்னொருவர் கேட்டார், அதுவும் நியாயம். எல்லாமே நியாயமாக இருந்ததுதான் கஷ்டம். ஏழு பெண்கள் வரிசையாக நிற்கும் படம் என்று முடிவாயிற்று. ஏழாவது தோட்டத்துப் பெண்.

"முதுகில் கூடையோடு" என்றார் மேடம்.

"கூடையோட போட்டால் அவவை உழைப்பாய் மட்டும் பார்க்கிறம்" என்றார் யசோதினி.

"அப்போ கூடை இல்லாமல்."

"அது அவவின்ட உழைப்பை அழிக்கிறது."

"கூடையைப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டால்?"

குழு யோசித்தது. ஜெயலெட்சுமி அக்கா, "கீழ வைக்காதீங்க, அட்டை ஏறும்" என்றார். இதை வாழ்ந்த அனுபவம் என்று குறித்துக்கொண்டார்கள்.

படத்தை ஒரு பலகையில் வரைந்து ஒன்பதாம் மலையில் நடுவதென்று தீர்மானித்தார்கள். பிறகு எழுத்து. மாதிரியைத் திரையில் காட்டினார்கள். மேலே பெரிதாகச் சிங்களம், நடுவில் ஆங்கிலம், கீழே எறும்பு ஊர்ந்ததுபோலத் தமிழ். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். தோட்டத்தில் நடப்போகும் பலகையில் தோட்டத்து மொழிக்குக் கடைசி இடமா என்று கேட்டேன். அரசகரும மொழி என்று சட்டத்தில் மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்டேன். மூன்று மொழியும் ஒரே உயரம், ஒரே தடிப்பு, ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றேன். நாற்பது நிமிடம் பேசினேன்.

படம் வரைகிறவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "பெண்களின் மாண்பும் தனிமறைவும் பேணப்படும் அனைத்தும் உள்ளடக்கிய வெளி" என்பதைச் சம உயரத்தில் எழுதினால் நாலடிப் பலகை போதாது. பன்னிரண்டடி அகலம், எட்டடி உயரம் வேண்டும்.

"காற்று தூக்கிவிடாதா?" என்று மேடம் கவலைப்பட்டார்.

"உரிமையைக் காற்றில் விடலாமா?" என்றேன். கைதட்டினார்கள். நல்ல கைதட்டல். அதற்குள் மணி நாலரை, நான்காவது அமர்வு நேரமின்மையால் ரத்து.

ஜெயலெட்சுமி அக்கா என் கையைச் சுரண்டினார். "மிஸ், இந்தப் பலகை கக்கூஸுக்கு எந்தப் பக்கம் வரும்?"

"கக்கூஸ் இரண்டாம் கட்டம் அக்கா. இது விழிப்புணர்வுக் கட்டம்."

"நாங்க முழிச்சுத்தானே இருக்கோம்?"

தோட்டத்துத் துரையைப் பார்க்கப் போனோம். பலகைக்கும் கக்கூஸுக்கும் சேர்த்து அனுமதி கேட்டு மனுக் கொடுத்தோம். துரை மனுவை நிதானமாகப் படித்தார்.

"கக்கூஸுக்குக் கூரை இருக்கும்?"

"இருக்கும்."

"அப்போ அது கட்டிடம். கட்டிடம் என்றால் கொழும்பு ஹெட் ஆபிஸ் சொல்ல வேண்டும். அவர்கள் பிரதேச சபையைக் கேட்க வேண்டும். தேயிலைச் செடியைப் பிடுங்கினால் இன்னோர் இடத்துக்கும் அறிவிக்க வேண்டும். பலகைக்குக் கூரை இருக்கிறதா?"

"இல்லை."

"அப்போ அது கருத்து. கருத்துக்கு எங்கள் தோட்டத்தில் எந்தத் தடையும் இல்லை."

கருத்து மூன்றே வாரத்தில் வந்து இறங்கியது. ஒன்பதாம் மலைக்கு றோட்டு பாதி வழிதான். மீதியை நாற்பத்திரண்டு பெண்களும் தோளில் சுமந்து ஏற்றினார்கள். பெண்களின் கூட்டு முயற்சி என்று அதைப் படம் பிடித்தோம்.

திறப்புவிழா ஒரு புதன்கிழமை. தப்பு அடித்தார்கள், பொட்டு வைத்தார்கள், விருந்தாளிகள் ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஜீப் ஏறாததால் எல்லோரும் நடந்து ஏறினோம். மேடம் ரிப்பன் வெட்டினார். யசோதினி மாண்பைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். நான் மொழிபெயர்க்க அரை மணித்தியாலம். பிறகு மேடம் பேச எழுந்தார், பேசாமல் உட்கார்ந்தார். யசோதினியின் காதில் ஏதோ சொன்னார். யசோதினி என் காதுக்கு வந்தார்.

"அவவுக்கு ஒரு பாதுகாப்பான வெளி தேவைப்படுது. அவசரம்."

நான் ஜெயலெட்சுமி அக்காவிடம் போனேன். "மேடத்துக்கு ஒதுங்கணுமாம்."

அக்கா சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சுற்றிலும் பார்த்தார். கீழே லயம் பொட்டாகத் தெரிந்தது. பெரியாயி மிதித்த புல் ஒரு பக்கம். இந்தப் பக்கம் பன்னிரண்டடிச் சமத்துவம்.

"பலகைக்கு அங்கிட்டு வாங்க மேடம்" என்றார்.

ஒன்பதாம் மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி ஒதுங்கப் போனால் மற்ற இரண்டு பேர் எதிர்ப்பக்கத்தில் சண்டை தொடங்குவார்கள். கங்காணி விலக்குப் பிடிக்க அங்கே ஓடுவார், இங்கே பார்வை இருக்காது. அக்கா கண்ணைக் காட்டியதும் பெரியாயியும் இன்னொருத்தியும் ஆரம்பித்தார்கள்.

"ஏன்டி, என் கோழி உன் வீட்டுல முட்டை போட்டா அது உன் முட்டையா?"

"உன் கோழிக்கு உன் வீடு பிடிக்கல, நான் என்ன செய்யட்டும்?"

ரெங்கசாமி ஓடினார். துரை ஓடினார். கமராக்காரரும் ஓடினார். இந்தப் பக்கம், மாண்பு என்று மூன்று மொழியில் எழுதிய பலகையின் கீழ் இடைவெளியில், ஒரு சோடி விலையுயர்ந்த சப்பாத்து மட்டும் தெரிந்தது. மேடம் வெளியே வந்தார், கண் கலங்கியிருந்தது. அடுத்து யசோதினி போனார். அடுத்தது யாரென்று கேட்காதீர்கள். நானும் இரண்டு செவ்விளநீர் குடித்தவள்தான்.

மன்றத்தின் அறிக்கை அழகாக வந்தது. திறந்த அன்றே இன, மத, வர்க்க வேறுபாடின்றிப் பெண்கள் அந்த வெளியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதாகவும், ஆகவே இரண்டாம் கட்டத்துக்கு உடனடித் தேவை எழவில்லை எனவும் அதில் இருந்தது. ஒரு பொய் கிடையாது. நான்தான் தமிழாக்கம் செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயலெட்சுமி அக்காவிடமிருந்து போன் வந்தது.

"மிஸ், நல்லாருக்கீங்களா? ஒரு கடிதம் எழுதணும். பதினோராம் மலைக்காரங்களும் கேக்குறாங்க."

"கக்கூஸா அக்கா?" எனக்குப் பழைய வேகம் வந்தது. "இந்தமுறை விடக்கூடாது. முதல் பக்கத்திலேயே போடுவோம்."

"இல்ல மிஸ், பலகை. கக்கூஸ் கேட்டா நாங்க கெழவியாகிருவோம். பலகைன்னா மூணு வாரம். கீழ காலு தெரியாம தரை வரைக்கும் அடிக்கச் சொல்லுங்க. முடிஞ்சா மூணு பக்கமும் வைக்கச் சொல்லுங்க."

"அக்கா, இது நியாயமே இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது உரிமை, பலகை இல்லை. படமும் எழுத்துமாக ஏமாற்றுகிறார்கள். இந்தமுறை எழுத்தே வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன், மேடத்திடம் நேராகவே..."

நான் பேசினேன். பத்து நிமிடத்துக்கு மேல் பேசியிருப்பேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கட்டாயம் வந்து பேசுங்க மிஸ்" என்றார். "ஆனா எழுத்து வேணாம்னு மட்டும் சொல்லிறாதீங்க. அன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் பேசினதாலதானே நாலடி பன்னிரண்டடி ஆச்சு? மூணு மொழிக்கே இவ்வளவு மறைவு. நாலாவதா ஏதாவது ஒரு மொழி இருந்தா, அதுக்கும் சேத்துச் சண்டை போடுங்க."