அண்டாவில் குடியேறிய கறிவேப்பிலை

ஓட்டை இல்லாத பாத்திரத்தைக் கண்டால் மனம் வாடிப்போகிற மனிதர் காரைக்காலில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பிள்ளைகளா, எங்கள் பக்கத்து வீட்டு ஓட்டை சாரைத்தான் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் நானும் உங்கள் அம்மாவும் புதிதாகக் குடித்தனம் வந்தபோது, அவர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அது சம்பளத்துக்கு. உண்மையான உத்தியோகம், கண்ணில் பட்ட டப்பாவின் அடியில் ஓட்டை போட்டுச் செடி வைப்பது.

மாமனார் வீட்டுக்குப் போனால் எல்லோரும் பலகாரம் கொண்டுவருவார்கள். இவர் மாமனார் ஊரான நெடுங்காட்டிலிருந்து வாய்க்கால் வண்டலை மூட்டை கட்டிச் சைக்கிளில் கொண்டுவருவார். "நம்ம மண்ணு வெறும் கடல் மணல் தம்பி, தண்ணி நிக்காது" என்பார்.

முதலில் பறிபோனது, அவர் மனைவி மங்களம் அக்கா அரிசி களையும் பேசின். அதில் கொத்தமல்லி விதைத்தார். அது விரல் உயரம் வளர்வதற்குள் பூத்துவிட்டது. சார் துக்கம் கேட்க வந்தவர் மாதிரி அதன் எதிரில் உட்கார்ந்துவிட்டார். "வேரு நேரா கீழ எறங்குற செடி தம்பி. ஒரு சாண் ஆழமாவது வேணும். நான் தட்டுல போட்டுக் கெடுத்துட்டேன்!"

பிறகு கொத்தமல்லி உயரமான பால்பவுடர் டின்னுக்குப் போனது. பக்கவாட்டில் ஓடுகிற புதினா பேசினுக்கு வந்தது. கற்பூரவல்லிக்குச் சின்னச் சட்டி. "பெருசுல வச்சா ஈரம் காயாது, வேரு அழுகிடும்."

கறிவேப்பிலைக்குத்தான் வம்பு. அதற்கு முழங்கால் ஆழம் மண் வேண்டுமாம். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், பாத்திரங்களைத் தன் முழங்காலோடு வைத்து அளந்தார். அவர் தலை தெரிந்தாலே தெருவிலுள்ள குடம், குண்டான் எல்லாம் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

ஒருமுறை அக்கா பிறந்த வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை 'டங் டங்' என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். அக்காவுக்குச் சீராக வந்த, அவர் அப்பா பெயர் வெட்டிய பித்தளை அண்டா, அடியில் ஓட்டைகளோடு கவிழ்ந்து கிடந்தது!

திரும்பி வந்த அக்கா அதைப் பார்த்தார். திட்டவில்லை. சாரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். "சோறு வச்சிருக்குன்னு ஒங்க சார்கிட்ட சொல்லு தம்பி" என்பார் என்னிடம். சார் பக்கத்திலேயே நின்று தலையாட்டுவார். கறிவேப்பிலை மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் இடுப்பு உயரம் வளர்ந்தது.

அப்போது வந்தது ஆபத்து. அக்காவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பெரிய அண்டா வேண்டும், வண்டியோடு வருகிறேன் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா உங்கள் அம்மாவிடம் அழுதார். "அப்பா பேரு போட்ட அண்டாவ இப்புடி ஆக்கிட்டாங்கன்னு பொறந்த வூட்டுல சிரிப்பாங்களே! எந்த மொகத்தோட கல்யாணத்துக்குப் போவேன்?"

சாருக்கு அது கேட்டுவிட்டது. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். "செடிய எடுத்துட்டு, ஓட்டைய ஈயப் பத்து வச்சு அடச்சுடுறேன்."

"செடி பொழைக்குமா சார்?" என்றேன்.

"இந்த வெயில்லயா?" என்றவர், பெற்ற பிள்ளையை ஹாஸ்டலில் விடப் போகிறவர் மாதிரி நின்றார். முதல் கொத்து விழுவதற்குள் அண்ணனின் வண்டி வந்துவிட்டது.

அண்ணன் நேரே கொல்லைக்கு வந்தார். "என்ன மாப்ள, அண்டாவுல மரம் நிக்கிது?"

சார் களைக்கொத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

அக்கா முன்னால் வந்தார். "நாந்தாண்ணே ஓட்ட போடச் சொன்னேன். பரண்ல சும்மாதான கெடந்துச்சு? நீ வாடகைக்கு வேற அண்டா எடுத்துக்க."

அண்ணன் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். "அப்பா பேருக்கு வாசந்தான் கூடியிருக்கு. சரி, கல்யாணச் சாம்பாருக்கு எலய அனுப்பிடு."

வண்டி போனதும் அக்கா, என்னைத் தேடாமல், நேராகச் சாரைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் கொத்தக் கீழ வைங்க. வேரு பயந்துடப் போவுது."

சார் கொத்தைக் கீழே வைத்துவிட்டு, மேல்துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளா, அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டோம். அப்படியொரு பக்கத்து வீடு மட்டும் எங்களுக்கு அமையவே இல்லை.