முப்பது எண்ணும்வரை

"ஒம்பது... பத்து..." என்று மனைவி மாரீஸ்வரி எண்ணிக்கொண்டிருக்கும்போதே பூலோகம் பலகையிலிருந்து நழுவி நடுவீட்டில் விழுந்தார்.

"நேத்து பன்னெண்டு. இன்னைக்குப் பத்து," என்றாள் மாரீஸ்வரி. "ஏறும்னு பாத்தா இறங்கிட்டுல்லா போகுது."

"நீ மெதுவா எண்ணுத. வெரசா எண்ணியிருந்தா இருவது வந்திருக்கும்."

தாராவியிலிருந்து மாதுங்கா வரை சைக்கிளில் இட்லி விற்றுவந்தவர் பூலோகம். மழை நாளில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, இடது கணுக்கால் முறிந்தது. அறுவை செய்த இடத்தில் சீழ் பிடித்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபி பார்க்கும் பானுமதி ஒரு வட்டப் பலகையைக் கொடுத்தாள். அடியில் அரைப்பந்து, ஏறினால் எல்லாப் பக்கமும் ஆடும்.

"முப்பது எண்ணுற வரைக்கும் விழாம நிக்கணும் அங்கிள். அதுக்கப்புறம்தான் சைக்கிள்."

"இங்கதான் நாப்பது வர நிக்கேனே டாக்டர்?"

"இங்க பக்கத்துல கம்பி இருக்குல்ல, அந்த தைரியம். வீட்டுல நின்னாத்தான் பக்கா."

வீட்டில், அந்த மாடி அறையில், அவரால் நிற்க முடியவில்லை. எந்தச் சுவரோரம் ஏறினாலும் அறையின் நடுவை நோக்கியே விழுந்தார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்தார். கம்பி கையோடு வந்தது. கம்பியும் அவருமாக நடுவீட்டுக்கு வந்தார்கள். பலகைக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டார். மோவாயில் மூன்று தையல். மாரீஸ்வரி பின்னால் நின்று இடுப்பைப் பிடித்தாள். இரண்டு பேரும் விழுந்ததில் அவளுடைய மணிக்கட்டு பிசகி, மாவரைப்பதும் நின்றது.

"பிராக்டிஸ் பத்தல அங்கிள்," என்றாள் பானுமதி. "காலைல அம்பது, சாயங்காலம் அம்பது தடவை ஏறுங்க."

ஏறினார். பத்து எட்டாகி, எட்டு ஆறானது.

பானுமதி அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கால் ஏக்தம் ஃபிட், ஒரு குறையும் இல்ல. வேற எங்கயோ கோளாறு. காதா இருக்கலாம், மூளையாவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்துருங்க."

ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. அதுதான் பூலோகத்தை உலுக்கிவிட்டது.

"ஒண்ணுமில்லன்னா நல்லதுதானே?" என்றாள் மாரீஸ்வரி.

"மிஷினுக்கே தெரியாத சீக்கு இதுடி. நாளைக்கு ரோட்டுல, பஸ்ஸுக்கு முன்னாடி விழுந்தா என்ன செய்வ?"

அன்று இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை குர்லாவில் இட்லி விற்கும் ஜம்பு வந்து சைக்கிளையும் இட்லிக் கொப்பரையையும் விலைக்கு வாங்கிக்கொண்டான். கிளம்பும் முன் ரப்பர் ஹாரனை ஒருமுறை அமுக்கிப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்ட சத்தம். சந்து முனை திரும்பும்வரை பூலோகம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படியில் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே போய், யாரோடோ கோபித்துக்கொண்டவர் போலப் பலகையில் ஏறினார்.

"இனி எதுக்குங்க?" என்றாள் மாரீஸ்வரி. ஆனாலும் எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. தரையில் கிடந்தபடி முகத்தை மூடிக்கொண்டார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழே தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் இனாயத்துல்லா, உள்ளே கால் வைக்காமல் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணாச்சி, ரெண்டு நாளைக்கு அந்தப் பலகையில ஏறாதீங்க. நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப புது மெஷின் வைக்க எடமில்லாம எங்க நடுத்தூண எடுத்துட்டோம். நீங்க ஏறி எறங்குறப்பல்லாம் உங்க தரை கொஞ்சங் கொஞ்சமா எங்க தலைக்கு வந்துட்டிருக்கு."