இருவாச்சியும் மூன்று கஞ்சிச் சேலைகளும்

கஞ்சி போடாத சேலையில் வரும் டீச்சரை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பினேன். புதுவயல் அரிசி வடித்த கஞ்சியில் முக்கி, வெயிலில் விறைக்கவிட்டு, தேய்த்துக் கட்டினால், நான் உட்கார்ந்தாலும் என் சேலை உட்காராது. (வகுப்புக்கு நான் வருவதற்கு முன்பே என் சேலை வரும் சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்டுவிடும். அதைத்தான் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடிப் பெண்கள் பள்ளி ஒன்றில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தேன். எம்.ஃபில். ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, மழைக்காட்டு இருவாச்சிப் பறவையின் குரல். பெண் பறவை மரப்பொந்துக்குள் அடைந்து கிடக்கும். ஆண் பறவை இரை கொண்டுவந்து கூப்பிடும். அதைப் பதிவு செய்ய வேண்டும். கருவேலமுள்ளைத் தவிர வேறு காடு பார்த்திராத நான் ஏன் இதை எடுத்தேன் என்று கேட்காதீர்கள், ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்தது. வனத்துறை மூன்றே நாள் அனுமதி கொடுத்தது. அதற்குள் குரல் கிடைக்காவிட்டால் ஆய்வேடும் இல்லை, பட்டமும் இல்லை. நானோ பட்டம் வாங்கிவிட்ட மாதிரியே பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன்.

முழுப்பரீட்சை முடிந்ததும் வால்பாறைப் பக்கம் கிளம்பினோம். தபால் ஆபீசில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் துணைக்கு வந்தார். மொடமொடவென்று மூன்று சேலைகள், படுக்கும்போது போட ஒரு நைட்டி. என் துணிமணி அவ்வளவுதான்.

வனத்துறை வாட்சர் மாரிமுத்து காட்டிய மரத்தடியில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் இருவாச்சி வரவே இல்லை. இரண்டாம் நாள் தூரத்தில் தெரிந்து, அப்படியே திரும்பிவிட்டது. அறைக்கு வந்து கேசட்டைப் போட்டால், சரக், சரக், சரக்.

"ஏம்மா, இதென்ன, யாரோ முறுக்கு கடிக்கிறாக?" என்றார் வீட்டுக்காரர்.

மாரிமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டீச்சர், அது உங்க சேலைங்க."

எனக்கு உடனே மூளை வேலை செய்தது. நைட்டிக்கு மாறி, மூன்று சேலைகளையும் அலசிக் கஞ்சியைப் போக்கிக் கொடியில் போட்டேன். "அரை மணி நேரத்துல காஞ்சிரும்" என்றேன். (காரைக்குடியில் காயும். பிழிந்து முடிப்பதற்குள்ளேயே காயும்.) மாரிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார். மழைக்காட்டின் ஈரப்பதத்தைப் பற்றி வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். மூன்றாம் நாள் விடிந்து பார்த்தால், மூன்று சேலையும் முந்தின நாளைவிட ஈரமாக இருந்தன.

"ஈரத்தைக் கட்டாத, காய்ச்சல் வந்துரும். நைட்டியோட வா. காட்டுல யாரு பாக்கப் போறாக?" என்றார் வீட்டுக்காரர்.

"தெருக்கதவத் தாண்டி நான் நைட்டியில போனதே இல்லைங்க."

"அப்ப எம்.ஃபில். வேண்டாமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நைட்டிக்கு மேல் அவருடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மாரிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

இருவாச்சி வந்தது! தலைக்குமேல் இறக்கைச் சத்தம், பிறகு காடே அதிரும்படி ஒரு குரல். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்தது. அந்த நேரம் பார்த்து முழங்காலுக்கு மேலே ஏதோ சில்லென்று ஊர்ந்தது. நான் கத்தினேன். அதுவும் பதிவானது. முதல் பாதியிலேயே வேண்டிய குரல் இருந்ததால், தேர்வில் போட்டுக் காட்டும்போது என் கத்தலுக்கு முன்பே டேப்பை நிறுத்திக்கொள்ளலாம் என்று கேசட்டை அப்படியே ஆய்வேட்டோடு கொடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு எங்கள் தலைமையாசிரியை சிஸ்டரையும் ஸ்டாஃப் ரூம் முழுவதையும் நானே அழைத்துப் போயிருந்தேன். (பெருமை யாரை விட்டது?) வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார்.

"சத்தம் எழுப்பாத மென்மையான உடை அணிந்து பதிவு செய்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது என்ன உடை?"

"பருத்தி உடைதான் சார். களப்பணிக்கென்றே..." என்று இழுத்தேன்.

தலையாட்டிவிட்டு கேசட்டைப் போட்டார். இருவாச்சி கூப்பிட்டது. "போதும் சார்" என்று நான் நிறுத்தப் போனேன். "இருங்கள், அருமையாக இருக்கிறது" என்று தடுத்துவிட்டார். அடுத்து வந்தது என் குரல்.

"மாதாவே! ஏங்க, நைட்டிக்குள்ள அட்டை போயிருச்சு! இங்குட்டு வாரீகளா இல்லையா!"

சிஸ்டர் ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ஆய்வேட்டில் 'மென்மையான உடை' என்பதை அடித்துவிட்டு, தன் கைப்பட 'நைட்டி' என்று எழுதினார். பட்டம் கிடைத்தது. அந்தத் திருத்தத்தோடு ஆய்வேடு இன்றும் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது.

கேசட்டின் பிரதி ஒன்றை வீட்டுக்காரர் பத்திரமாக வைத்திருக்கிறார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் காப்பிக்கு முன்னால் அதுதான். போன வருடம் என் மகள் வயிற்றுப் பேத்தி, பள்ளியில் பலகுரல் போட்டிக்குப் போனாள். இருவாச்சி மாதிரி கத்தினாள், இரண்டு பேர் கைதட்டினார்கள். அடுத்து அம்மாச்சி மாதிரி கத்தினாள். முதல் பரிசு.