ரீஃபண்டில் கட்டிய ரூம்

எனக்கென்று ஒரு ரூம் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தனுக்கு இது சாதாரண முடிவல்ல. அதை மனைவிக்குத் தெரியாமல் கட்டுவது என்பது அதைவிடப் பெரிய முடிவு. இரண்டையும் ஒரே நாளில், தியாகதுருகம் பஸ்ஸில் நின்றுகொண்டே எடுத்தேன். உட்கார இடம் கிடைத்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

என் பெயர் பகலவன். கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இவன் ஊருக்கே வெளிச்சம் கொடுப்பான் என்று நம்பி அப்பா வைத்த பெயர். வெளிச்சத்தை விடுங்கள். பொழுது சாய்ந்தபின் நான் வெளியே தென்படுவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெயரைக் காப்பாற்றி வருகிறேன்.

மனைவி பெயர் செந்தமிழ்ச்செல்வி. அவள் வாயில் செந்தமிழ் வந்து நான் கேட்டதில்லை. ஆனால் மரியாதை குறையாது. 'ங்க' போடாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா" என்றுதான் கேட்பாள்.

தியாகதுருகத்தில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, ஒரு படுக்கையறை. படுக்கையறை மகள் ஷாலினியுடையது. அவள் சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள். இருந்தாலும் அறை அவளுடையதுதான். அங்கே அவளுடைய துணிகள் படுத்திருக்கின்றன. மிச்சம் ஹால். செல்வி மகளிர் குழுத் தலைவி. கல்வராயன் மலையிலிருந்து சாமையும் தினையும் மூட்டை மூட்டையாக வாங்கி, புடைத்து, பாக்கெட் போட்டு விற்கிறார்கள். மூட்டை ஹாலில். புடைக்கிற பெண்கள் ஹாலில். அவர்கள் பார்க்க டிவி ஹாலில். நானும் ஹாலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன். குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, மூட்டை என்று நினைத்து என்மேல் முறத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எழுந்தால் சாமை சிந்தும். சிந்தினால் செல்வி பேசுவாள். அசையாமல் கிடந்தேன். மொட்டை மாடியில் ஒரு ரூம் இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அந்த முறத்தின் அடியில்தான் பிறந்தது. நாலு இரும்புக் குழாய், மேலே ஷீட், சுற்றிலும் மறைப்பு, ஒரு கட்டில், ஒரு ஃபேன். வேறு யாரும் கூடாது.

பணத்துக்கு எங்கே போவது? சம்பளக் கணக்கின் கார்டு செல்வியிடம். பாஸ்புக் செல்வியிடம். கணக்கு எழுதுகிறவன் நான், கணக்குப் பார்க்கிறவள் அவள்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. வரிக்கழிவுக்காக ஒவ்வொரு வருஷமும் இன்சூரன்ஸ் ரசீது, ஷாலினியின் ஃபீஸ் ரசீது எல்லாம் அலுவலகத்தில் கொடுப்பேன். அந்த வருஷம் கொடுக்கவில்லை. ரசீது இல்லாததால் வரியை ஜாஸ்தியாகப் பிடித்தார்கள். பிடிக்கட்டும். பிறகு ரிட்டர்ன் போட்டு, அதிகமாகப் பிடித்ததை ரீஃபண்டாகக் கேட்டு வாங்கி, கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆரம்பித்த பழைய பேங்க் கணக்கில் போட்டுக்கொள்வது. அந்தக் கணக்கு செல்விக்குத் தெரியாது. உலகத்தில் எல்லோரும் அரசாங்கத்திடமிருந்து பணத்தை ஒளிப்பார்கள். நான் மனைவியிடமிருந்து ஒளிக்க அரசாங்கத்திடம் கொடுத்து வைத்தேன்.

"இன்னாங்க சம்பளம் கம்மியா இருக்குது?" என்றாள் செல்வி.

"வரி ஜாஸ்தி ஆயிடுச்சி."

"எல்லாருக்குமாங்க?"

"எல்லாருக்கும்தான்."

"பாவம்ங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்தாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஜூலையில் கள்ளக்குறிச்சி சின்னதுரையிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ரிட்டர்னும் போட்டுக் கொடுப்பதால் ஊர் அவரை ஆடிட்டர் என்கிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "ஓடிபி சொல்லுங்க சார்" என்றார்.

என் போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"ஆதாருக்கு இன்னா நம்பர் குடுத்திருக்கீங்களோ அதுக்குதான் சார் போவும்."

ஆதாருக்கு நம்பர் கேட்ட அன்று என் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. செல்வியின் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டேன்.

"செல்வி, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அத சொல்லு."

"இன்னா நம்பருங்க?"

"ஓடிபி."

"எதுக்குங்க?"

"கேஸுக்கு."

"கேஸு நேத்துதான வந்துச்சிங்க."

"அடுத்த மாச கேஸுக்கு."

"நீங்க ஆபீஸ்ல இருக்கீங்களா, கேஸ் கம்பெனில இருக்கீங்களா?"

"ஆபீஸ்லதான். அவங்க போன் பண்ணி கேக்கறாங்க."

"போன்ல கேட்டா ஓடிபி குடுக்கக் கூடாதுன்னு பேங்க்ல எங்க குழுவுக்கே கிளாஸ் எடுத்தாங்க. நீங்களும் போன்லதான கேக்கறீங்க."

"நான் உன் புருஷன் செல்வி."

"அப்பிடித்தாங்க எல்லாரும் சொந்தக்காரன் மாதிரி பேசுவானுங்களாம்."

சின்னதுரை கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "டைம் போய்க்கினு இருக்குது சார்" என்றார்.

"சீக்கிரம் சொல்லு, செல்வி."

"இருங்க, கண்ணாடி எடுத்துக்கினு வரன்."

கண்ணாடி தேடுகிற சத்தம் கேட்டது. மூட்டை நகர்கிற சத்தம் கேட்டது. பால்காரரிடம் நேற்றுப் பாலில் தண்ணீர் ஜாஸ்தி என்று அவள் எடுத்துச் சொல்வது முழுவதும் கேட்டது. கண்ணாடி கிடைத்து நம்பரைச் சொன்னபோது அந்த ஓடிபி செத்துப் போயிருந்தது. மறுபடி அனுப்பச் சொன்னோம். புதிது வந்தது, அவள் பழையதையே படித்தாள். மூன்றாவதில்தான் வேலை முடிந்தது. அதற்குள் கடையில் நாலு பேர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு காத்திருப்பு. வாரம் ஒருமுறை சின்னதுரையிடம் போவேன். "ப்ராசஸ்ல இருக்குது சார்" என்பார். ஆவணியில் ப்ராசஸில் இருந்தது. புரட்டாசியிலும் ப்ராசஸில் இருந்தது. ப்ராசஸ் என்பது ஓர் ஊர் என்றே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. சின்னசேலத்துக்கும் சேலத்துக்கும் நடுவில் எங்கோ அந்த ஊர் இருக்கிறது. அங்கே என் பணம் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, வராத ரயிலுக்குக் காத்திருக்கிறது.

தீபாவளி கழித்து சின்னதுரை வேறு வார்த்தை சொன்னார். "ஃபெயில் ஆயிடுச்சி சார்."

"இன்னாது?"

"ரீஃபண்டுதான். பேன் கார்டுல 'பகலவன் கோவிந்தன்'னு இருக்குது. உங்க பழைய பேங்க்ல 'ஜி. பகலவன்'னு இருக்குது. ரெண்டும் ஒரே ஆளுன்னு கம்ப்யூட்டர் ஒத்துக்கல."

பிறந்ததிலிருந்து நான் ஒரே ஆள்தான். அதை நிரூபிக்க பேங்குக்கு நடந்தேன். பெயரை மாற்றுகிற அம்மா லீவில் இருந்தார். அவர் வந்தபோது சர்வர் லீவில் இருந்தது. ஒருவழியாக மாற்றினார்கள், 'பகளவன்' என்று மாற்றினார்கள். மறுபடி எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ரீஃபண்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி மனுப் போட ஓடிபி வேண்டும். ஒவ்வொரு ஓடிபிக்கும் ஒரு பொய் வேண்டும். ரேஷன் கார்டு என்றேன். கரண்ட் பில் என்றேன். ஷாலினி காலேஜில் கேட்கிறார்கள் என்றேன். செல்வி அந்த நிமிஷமே ஷாலினியைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, "காலேஜே லீவாம்ங்க" என்று சொல்லி நம்பரையும் சொன்னாள்.

ஒருநாள் சின்னதுரை கடையில் நேரமாகி, பஸ்ஸைத் தவறவிட்டு, இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனேன்.

"எங்க போனீங்க?"

"ரிஷிவந்தியம் கோயிலுக்கு."

"நெத்தில துண்ணூறு எங்கங்க?"

"தீந்து போச்சி."

"கோயில்லயாங்க?"

அந்தக் கோயிலில் சாமி பாதி, அம்மன் பாதி. பாதி உடம்பு போனபின்னும் அவருக்கு ஒரு கருவறை இருக்கிறது. முழுசாகக் கொடுத்துவிட்ட எனக்கு ஒரு ஷீட் ரூம் கூட அமையவில்லையே என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை. பொங்கலுக்குப் பிறகு, சாமை வாங்கச் செல்வி மலைக்குப் போன நாளில், பாவாடை என்ற மேஸ்திரியை வரவழைத்து மாடியை அளக்கச் சொன்னேன். முப்பத்தைந்தாயிரம் ஆகும் என்றார். ரீஃபண்ட் முப்பத்தெட்டு. ஃபேனுக்கும் சரியாக வரும்.

"வூட்ல தெரிய வேணாம் மேஸ்திரி" என்றேன்.

"நான் ஏங்க சொல்லப் போறன்" என்றார் பாவாடை.

அவர் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் நம்புகிறேன். அவர் மனைவி பாப்பாத்தி செல்வியின் குழுவில் இருக்கிறாள் என்பது மட்டும் எனக்கு அப்போது தெரியாது.

மாசி போனது. பங்குனி போனது. எனக்கு அலுத்துவிட்டது. பணத்தின் மேலிருந்த ஆசை போய், யாராவது ஒருவர் 'இல்லை' என்று முடிவாகச் சொன்னால்கூடப் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். சித்திரை வெயிலில் ஒருநாள் சின்னதுரை கடைப் படியில் போய் உட்கார்ந்தேன். கேள்விகூடக் கேட்கவில்லை.

"இன்னா சார் இங்க? அதான் வந்துடுச்சே" என்றார் அவர்.

"எது?"

"உங்க ரீஃபண்டு. வட்டியோட வந்துச்சி. மேடம் சொல்லலியா?"

"எந்த மேடம்?"

"உங்க வூட்டு மேடம். அவங்கதான் போன மாசம் வந்தாங்க. உங்க சம்பளக் கணக்குப் பாஸ்புக்கு, பேன் கார்டு எல்லாம் கையோட எடுத்துக்கினு வந்தாங்க. நீங்க லீவு கெடைக்காம அனுப்பனதா சொன்னாங்க. ஓடிபி அவங்க கையிலயே வந்துச்சி. நான் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. பத்து நிமிஷந்தான் சார்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க மொதல்லயே அவங்கள அனுப்பி இருக்கலாம்" என்றார்.

பஸ்ஸில் அன்று உட்கார இடம் கிடைத்தது. தியாகதுருகம் வரை யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டை நெருங்கும்போது மேலே வெல்டிங் வெளிச்சம் தெரிந்தது. மாடிக்கு ஏறினேன். நாலு குழாய் நட்டு, ஷீட் பாதி ஏற்றியிருந்தது. பாவாடை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் தட்டினார். செல்வி ஓரமாக நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா. டீ போடட்டுங்களா?"

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"மொத ஓடிபிலேர்ந்துங்க. அதுலயே எதுக்குன்னு போட்டிருந்தாங்களே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேஸுன்னு சொன்னீங்க. புருஷன் சொல்றத நம்பணும் இல்லிங்களா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ஒவ்வொரு வாட்டியும் வாடிப்போயி வரத பாக்க முடிலங்க. ஒரு ரூமு வேணும்னா வேணும்னு கேக்கறதுதான. அதுக்குப் போயி கவர்மெண்டுகிட்ட காச ஒளிச்சி வெப்பாங்களா? இந்தாங்க, உங்க ரூமு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெல்டிங் வெளிச்சம் என்று சொல்லிச் சமாளித்தேன். இவ்வளவு நல்லவளிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஆனால் என்னுடைய குழாய்.

"ஃபேனுக்கு பாயிண்டு வெச்சாச்சிங்க. பக்கத்துல டிவிக்கும் ஒன்னு வெக்கச் சொல்லிட்டன்."

"டிவி எதுக்கு இங்க?"

"நான் இன்னாத்த பாக்கறதுங்க? உங்கள தனியா மாடில உட்டுட்டு கீழ படுத்தா எனக்குத் தூக்கம் வருமா? கட்டிலு ரெண்டா சொல்லிட்டன்."

பரவாயில்லை. டிவியும் அவளும் மேலே வந்துவிட்டால் கீழே ஹால் காலியாகத்தானே இருக்கும். ராத்திரி புழுக்கம் தாங்கவில்லை என்று சொல்லி இறங்கிவிடலாம். பதினெட்டுக்குப் பத்து அடி, முழு ஹால். ரூமைவிடப் பெரிது. என் மூளை இன்னும் செத்துவிடவில்லை என்று தெரிந்ததில் சந்தோஷமாகவே இருந்தது.

"அப்ப ஹாலு சும்மாதான இருக்கும்" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஹாலுங்களா? அத குழுவுக்கு குடோனா வாடகைக்கு உட்டாச்சிங்க. ஒன்னாந்தேதிலேர்ந்து பூட்டு சாவி அவங்களோடது. வாடகைய மாசாமாசம் என் கையில குடுத்துடுவாங்க."

பாவாடை குழாயைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

செல்வி படியில் இறங்கப் போனவள், ஏதோ நினைவு வந்ததுபோல் திரும்பினாள். "வூடு உங்க பேர்ல இருக்கறதால அந்த வாடகைக்கு வரி நீங்கதான் கட்டணுமாம், சின்னதுரையண்ணன் சொன்னாரு. இனிமே ரீஃபண்டுன்னு ஒன்னும் வராதாம்ங்க, நீங்க அலைய வேணாம்."