நான் மறித்த மாப்பிள்ளை

பட்டாளத்துக்காரனுக்கு நிற்கத் தெரியும். எதற்காக நிற்கிறோம் என்று கேட்கத் தெரியாது. எல்லையில் வருடக்கணக்காக நின்றுவிட்டு, முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் போலீஸ்காரனான எனக்கு, காரைக்குடியில் முதல் பந்தோபஸ்து.

"மந்திரி வர்றாரு. அவர் கடக்குற வரைக்கும் ஒரு சைக்கிள்கூட இந்தத் தெருவைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா நீங்க யூனிபாரத்தைக் கழட்டிர வேண்டியதுதான்" என்றார் எஸ்.ஐ.

கழற்றினால் திருப்பத்தூரில் மாமனாரின் மளிகைக் கடையில் வெங்காயம் நிறுக்க வேண்டும். (எதிரியின் குண்டைவிட மாமனாரின் தராசுக்குத்தான் எனக்குப் பயம்.) தெருவின் நடுவில் நட்டுவைத்த கல் மாதிரி நின்றேன்.

மேளதாளத்தோடு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. கல்யாண வீடு என் முதுகுக்குப் பின்னால், நாலு வீடு தள்ளி.

"சார், முகூர்த்தம் தப்பிரும். கொஞ்சம் விலகுங்க" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"ஆர்டர் இல்லை."

"வர்றது மாப்பிள்ளை சார், பாகிஸ்தான்காரன் இல்ல!"

"யாரா இருந்தாலும்."

"எம்புட்டு நேரம் இப்படியே நிப்பீக?"

"ஆர்டர் வர்ற வரைக்கும்."

"பேரனுக்குக் காது குத்தவும் இந்த வழியாத்தான் வருவோம். அப்பவும் நிப்பீகளா?"

"நிப்பேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "ஏப்பா, எல்லாரும் இங்குட்டு வாங்க" என்று பக்கத்திலிருந்த பெரிய வீட்டுக்குள் நுழைந்தார். மாப்பிள்ளை, மேளம், சீர்த்தட்டு, குடை எல்லாம் பின்னாலேயே போயின. தெரு காலி. மீசையை முறுக்கிக்கொண்டேன்.

செட்டிநாட்டு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். (காஷ்மீர் கணவாய்கள் எனக்கு அத்துப்படி. சொந்த ஜில்லாதான் தெரியாது.) கொஞ்ச நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் கெட்டிமேளம் கேட்டது. அந்த வீட்டுப் பின்வாசலில் வெளியேறி, கல்யாண வீட்டுப் பின்வாசலில் நுழைந்து, தாலியே கட்டிவிட்டார்கள்!

அப்போதும் நான் அசையவில்லை. காலித் தெருவை வீராவேசமாகக் காத்தேன்.

எஸ்.ஐ. புல்லட்டில் வந்தார். "இன்னுமா நிக்கிறீங்க? மந்திரி அப்பவே வேற ரோட்டுல போயிட்டாரு. வாக்கி டாக்கியில கத்திக் கத்தித் தொண்டை போச்சு!"

"ஆஃப் பண்ணி வச்சிருக்கேன் சார். சத்தம் கேட்டா எதிரி உஷாராயிருவான்."

தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சைக்கிள் எதுவும் தாண்டவில்லை என்பதால் யூனிபாரம் தப்பியது. தாய்மாமன் ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து, "குடிங்க சார், பின்வாசல் வழியாத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

போன ஆவணியில் என் மகள் கல்யாணம். அதுவும் வாடகைக்கு எடுத்த ஒரு செட்டிநாட்டுப் பெரிய வீட்டில்தான். கையில் மாலையோடு முன்வாசலில் விறைப்பாக நின்றேன். முகூர்த்த நேரம் நெருங்கியும் தெருவில் ஓர் ஆளைக் காணோம். தெருமுனையை எட்டி எட்டிப் பார்த்தேன். திடீரென்று வீட்டுக்குள்ளிருந்து மேளச் சத்தம், அதையும் மீறிச் சிரிப்புச் சத்தம்.

ஏற்பாடு என் மனைவியுடையது. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது:

"மாப்பிள்ளை உள்ள வந்தாச்சுங்க! ஆர்டர் குடுத்துட்டேன், நீங்களும் வாங்க!"